முப்பத்தொன்று கடந்த சாலை

1

இந்தக் கதை என்னுடையது இல்லை. அக்காவிடமிருந்து எடுத்துக்கொண்டது. எடுத்துக்கொண்டது என்றுதான் சொல்ல வேண்டும், அவளாகக் கொடுக்கவில்லை. ஆறு வருடங்களுக்கு முன் "இதைப் பத்தி மட்டும் எழுதிடாதே" என்றாள். எழுதவில்லை. போன மாதம் ஒரு மதியம், துணி மடித்துக்கொண்டிருந்தவள், நான் ஒன்றும் கேட்காமலே, "எழுதறதுன்னா எழுதிக்கோ. ஆனா அழகா எழுதாதே" என்றாள்.

அழகாக எழுதாமல் இருப்பது எப்படி என்று எனக்குப் பிடிபடவில்லை. நான் பாடப்புத்தகம் அச்சிடும் அச்சகத்தில் பிழை திருத்துகிறவள். பகலெல்லாம் அடுத்தவர்களின் ஒற்றுப்பிழை பொறுக்குவது, மிச்ச நேரத்தில் கதை எழுதுவது. என் கதைகளில் மழை கொஞ்சம் அதிகம் என்று அக்கா சொல்வாள். இந்தக் கதையில் மழை கிடையாது. அவள் படிப்பாள் என்று தெரியும்.

மூன்று விதமாகத் தொடங்கிப் பார்த்தேன்.

"பனி விலகாத அந்தக் காலைப் பொழுதில், காடு தன் மூச்சை அடக்கிக்கொண்டு"

(காட்டுக்கு எதற்கு மூச்சை அடக்கத் தெரிய வேண்டும்? விட்டுவிட்டேன்.)

"ஒரு மனிதரும் ஒரு கரடியும் ஒரே சாலையில்"

(இது மூன்றாம் வகுப்புப் பாடம் மாதிரி இருக்கிறது. கடைசியில் நீதி கேட்பார்கள்.)

"அக்காவின் கணவர் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆறே காலுக்கு இறந்தார்."

இது உண்மை. ஆனால் இப்படித் தொடங்கினால் அவர் இறந்தவராகவேதான் கதைக்குள் வருவார். கொஞ்ச நேரமாவது உயிரோடு இருக்கட்டும் என்று தோன்றியது. அதனால் அக்காவின் வேலையிலிருந்து தொடங்குகிறேன்.

2

அக்கா ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் மரபணு ஆய்வாளர். இரண்டாவது மாடி, நடைவழியில் வரிசையாக நான்கு உறைபெட்டிகள் (ஃபிரீசர்கள்), சரியாக மூடாத ஒரு ஜன்னல். அதில் மடித்த காகிதத்தைச் செருகி வைத்திருப்பாள். சுவரில் ஒரு வரைபடம். இடப்பக்கம் பெரிய பச்சை, அது மேற்குக் காடு. வலப்பக்கம் சின்னப் பச்சை, அது கிழக்குக் காடு. நடுவில் ஒரு சாலை.

அந்தச் சாலையை இரண்டு வழியிலிருந்து ஆறு வழியாக அகலப்படுத்தத் திட்டம் போட்டார்கள். அதற்கு முன் சாலைத் துறையே அக்காவின் நிலையத்திடம் ஒரு கேள்வி கேட்டது: இந்த இடத்தில் விலங்குகள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வருகின்றனவா? போய் வருகின்றன என்று நிரூபித்தால், சாலைக்கு மேலே மண் கொட்டி மரம் நட்டு, விலங்குகளுக்கென்று ஒரு பாலம் கட்டுவார்கள். நிரூபிக்காவிட்டால் இல்லை.

கேமரா வைத்தால் ஒரு கரடி கடப்பது தெரியும். எந்தக் கரடி, போன இடத்தில் பிழைத்ததா, அங்கே குட்டி போட்டதா என்பதெல்லாம் தெரியாது. அதற்கு மயிர் வேண்டும்.

(மயிர் நல்ல பழைய சொல். நாம்தான் அதைத் திட்டுவதற்கென்று ஒதுக்கிக் கெடுத்து வைத்திருக்கிறோம். அக்காவின் அறிக்கையில் 'ரோமம்' என்று இருக்கிறது. பேச்சில் 'முடி' என்பாள். நானும் முடி என்றே எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் சோகமான இடத்தில் யாராவது சிரிப்பார்கள்.)

அந்த முடியைச் சேகரித்தவருக்கு எல்லாரும் வைத்த பெயர் கம்பி. ஐம்பது வயதுக்காரர். முன்பு தோட்டங்களுக்கு வேலி போட்டுக்கொண்டிருந்தவர். இப்போது அதே முள்கம்பியை முழங்கால் உயரத்தில் நான்கு மரங்களைச் சுற்றிக் கட்டி, நடுவில் அழுகிய மீன் நாற்றம் அடிக்கும் ஏதோ ஒரு திரவத்தை ஊற்றிவிட்டு வருவார். முகர்ந்து பார்க்க வரும் கரடி கம்பியைத் தாண்டும்போது நாலு முடி சிக்கிக்கொள்ளும். அதை இடுக்கியால் எடுத்துக் காகித உறையில் போட்டு, தேதியும் மரத்தின் எண்ணும் எழுதி, வியாழக்கிழமைதோறும் கொண்டுவந்து கொடுப்பார். முடியின் வேரில் துளி சதை ஒட்டியிருக்கும். அது போதும் அக்காவுக்கு. அதிலுள்ள மரபணுவைப் பதினெட்டு இடங்களில் ஒப்பிட்டுப் பார்த்து, இது யார், இதன் அம்மா யார், அப்பா யார் என்று சொல்லிவிடுவாள்.

ஐந்து வருட உறைகளுக்குப் பிறகு கணக்கு இப்படி நின்றது. மேற்கில் அறுபதுக்கும் மேற்பட்ட கரடிகள். கிழக்கில் பதினான்கு. அந்தப் பதினான்கில் ஏழு, ஒரே ஆண் கரடியின் பிள்ளைகள். அந்த ஆண் கிழக்கில் பிறந்ததில்லை. அதன் அம்மா, உடன்பிறந்தவை எல்லாம் மேற்கில். அக்கா அடையாளம் கண்ட முப்பத்தொன்றாவது கரடி என்பதால் அதற்கு எண் முப்பத்தொன்று. வருடாவருடம் இணை சேரும் காலத்தில் சாலையைக் கடந்து கிழக்கே வரும், பிறகு திரும்பிப் போகும்.

கம்பி எண்ணெல்லாம் சொல்ல மாட்டார். "இது மாப்பிள்ளைங்க மேடம்" என்றார். "பிறந்தது அந்தப் பக்கம், பொண்ணு எடுத்தது இந்தப் பக்கம். வருஷத்துக்கு ஒரு தடவை வருது, ஒரு மாசம் தங்குது, போயிடுது. மாப்பிள்ளையேதான்."

3

மாமாவுக்கு (அக்கா கணவரை நான் அப்படித்தான் கூப்பிட்டேன்) மூக்குக்கண்ணாடிக் கடை. கடைக்குப் பின்னால் ஒரு சின்ன அறையில் அவரே கண்ணாடியைத் தேய்த்து விளிம்பு எடுப்பார். வெளியே வரும்போது புருவத்தில் வெள்ளைத் தூள் படிந்திருக்கும்.

கம்பி வைத்த பெயரை அக்கா வீட்டில் வந்து சொன்ன அன்று நான் அங்கேதான் இருந்தேன். மாமா சாப்பாட்டை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"ஒரு மாசமா தங்குது?"

"ஆமா."

"நான் உங்க வீட்டுக்கு வந்தா ரெண்டாம் நாளே உங்கம்மா பஸ் டைம் விசாரிப்பாங்க. மரியாதை தெரிஞ்ச காடா இருக்கு."

அதற்கப்புறம் அவர் கண்டுபிடித்ததுதான் வேடிக்கை. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அதனால் எங்கள் குடும்பத்தில் அவருக்குச் சகலை என்று ஒருத்தர் இல்லை. அந்தக் காலி இடத்தில் கரடியை உட்கார வைத்துவிட்டார். வியாழக்கிழமை சாயங்காலம் அக்கா உள்ளே நுழையும்போதே, "என்ன, சகலை எப்படி இருக்கார்?" என்பார். "பன்னிரண்டாம் மரத்துல உரசியிருக்கார்" என்று அக்கா செருப்பைக் கழற்றிக்கொண்டே சொல்வாள். மூன்று வருடம் இதே கேள்வி, இதே மாதிரிப் பதில். அவர்கள் இரண்டு பேருக்கும் குழந்தை இல்லை. வீட்டில் பேசிச் சிரிக்க ஒரு மூன்றாம் ஆள் வேண்டியிருந்தது என்று எழுதியிருந்தேன். அக்கா அந்த வரியின் பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறாள். அடிக்கவில்லை. அதனால் விட்டு வைக்கிறேன்.

4

மாமா அன்று காலை

செவ்வாய்க்கிழமை, மாமா

அந்தச் சாலையின் மறுகோடியில் இருந்த ஊரில் மூன்று நாள் கண் பரிசோதனை முகாமுக்குப் போயிருந்த மாமா

(இந்த இடத்தில் பதினோரு நாள் நின்றேன். நான்காவது வாக்கியம் வரவே இல்லை. அதனால் அவர் இருந்த காரை விட்டுவிட்டு, நாங்கள் இருந்த காரை எழுதுகிறேன்.)

ஏழு மணிக்கு ரோந்துக் காவலர்களிடமிருந்து அக்காவுக்குத் தொலைபேசி வந்தது. விபத்து, உடனே வாருங்கள் என்றார்கள். அவள் என்னைக் கூப்பிட்டாள். வாடகைக் காரில் கிளம்பினோம். பாதி வழியில் லாரிகள் வரிசையாக நின்றன. நாற்பது நிமிடம் நகரவில்லை. ஓட்டுநர் இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "முன்னாடி ஏதோ ஆக்ஸிடெண்ட். வண்டியை எடுத்துட்டிருக்காங்க. இதோ விட்டுடுவாங்க" என்றார். எந்த வண்டி என்று எங்களுக்கு அப்போது உறைக்கவில்லை. அக்கா வாட்சைப் பார்த்துக்கொண்டே, "நேரம் காலம் தெரியாம எவனோ இடிச்சிருக்கான்" என்று எரிச்சலோடு சொன்னாள்.

இதை எழுதவா என்று அவளிடம் கேட்டேன். "சொன்னேன்ல. எழுது" என்றாள்.

வழி விட்டதும் கார் மெதுவாக நகர்ந்தது. ஓரத்தில் நாற்பத்திரண்டு என்று எழுதிய கல். தரையில் நொறுங்கிய கண்ணாடி. புல்லில் சின்னச் சின்ன மூக்குக்கண்ணாடிக் கூடுகள், பழுப்பு நிறத்தில், நிறைய. அக்கா கல்லைப் பார்த்தாள், கூடுகளைப் பார்த்தாள். "இது முப்பத்தொண்ணு கடக்கற இடம்" என்றாள். யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை.

ஆஸ்பத்திரியை எழுதப் போவதில்லை.

மறுநாள் மாமாவின் பொருட்களை வாங்கிவரக் காவல் நிலையத்துக்குப் போனவர் கம்பி. பின்னால் திறந்த இடத்தில் கார் நின்றிருந்தது. முன்பக்கச் சட்டத்தில் கறுப்பு முடி கொத்தாகச் சிக்கியிருந்தது. அவர் சட்டைப் பையில் எப்போதும் இடுக்கி இருக்கும். எடுத்தார், உறையில் போட்டார், தேதி எழுதினார். மரத்தின் எண் எழுத வேண்டிய இடத்தில் 'கார்' என்று எழுதினார். மூன்றாம் நாள், சாலையிலிருந்து முந்நூறு அடி தள்ளி ஓடைப் பள்ளத்தில் கரடி செத்துக் கிடப்பதையும் அவர்தான் கண்டுபிடித்தார். அதிலிருந்தும் நாலு முடி. இரண்டு உறைகளையும் ஒரு வாரம் வீட்டிலேயே வைத்திருந்து, தாங்க முடியாமல் கொண்டுவந்து அக்காவின் மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

5

கூட வேலை பார்ப்பவர்கள் நாங்கள் செய்கிறோம் என்றார்கள். "கம்பி கொண்டு வர்றதை நான்தான் பார்ப்பேன்" என்று அக்கா சொல்லிவிட்டாள். என்னைத் துணைக்குக் கூப்பிட்டாள். முடிவு வந்த நாள் காலையில் நான் அவள் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

தாளில் பதினெட்டு வரிகள், ஒவ்வொன்றிலும் இரண்டு எண்கள். முப்பத்தொன்றின் பழைய கோப்பைப் பக்கத்தில் விரித்து வைத்து, விரலால் ஒவ்வொரு வரியாக ஒப்பிட்டாள். ஆறாவது வரியிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது, அவள் தோள் இறங்கியதில் எனக்கும் தெரிந்தது. ஆனாலும் பதினெட்டாவது வரைக்கும் போனாள். பிறகு ஓடையில் எடுத்த முடியின் தாளை எடுத்து மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்கினாள்.

"எல்லாம் சரியா இருக்கு" என்றாள். "ரெண்டும் ஒண்ணு. அவன்தான்."

முதல் வரைவில் இந்த இடத்தில் அவளை அழ வைத்தேன். இரண்டாவது வரைவில் ஜன்னல் பக்கம் திரும்பி நிற்க வைத்தேன். இரண்டையும் படித்துவிட்டு ஓரத்தில் எழுதியிருக்கிறாள்: "அழலை. ஜன்னல்கிட்டயும் போகலை. பசிச்சுது. ஒரு பாக்கெட் பிஸ்கட் முழுசும் சாப்பிட்டேன். நீ பார்த்துக்கிட்டுத்தான் இருந்தே."

ஆமாம். பார்த்தேன். எழுத வெட்கமாக இருந்தது. மாமாவைக் கொன்றது எது என்று தெரிந்துகொண்ட ஒருத்தி பிஸ்கட் சாப்பிட்டாள் என்று எழுதினால் வாசகர் அவளைப் பற்றி என்ன நினைப்பார் என்று நான் பயந்தேன். நீங்கள் அப்படி நினைக்க மாட்டீர்கள் என்று இப்போது நம்புகிறேன்.

6

அறிக்கை கொடுக்க வேண்டிய நாள் நெருங்கியது. பிழை பார்க்க என்னிடம் கொடுத்தாள். நாற்பத்தேழு பக்கம். நாற்பத்தொன்றாம் பக்கத்தில் இரண்டு வரி இருந்தது. ஐந்தாண்டு மாதிரிகளில் இரு காடுகளுக்கும் இடையே கடந்ததாக உறுதிசெய்யப்பட்ட ஒரே கரடி எண் முப்பத்தொன்று. அது சாலை விபத்தில் இறந்துவிட்டது.

"இந்த ரெண்டு வரி வேணாமே" என்றேன்.

"ஏன்?"

"கடந்துட்டிருந்தது அது ஒண்ணுதான். அதுவும் செத்துப் போச்சுன்னு நீயே எழுதினா, அப்புறம் பாலம் எதுக்குன்னு கேப்பாங்க."

"கேப்பாங்க."

"பொய் சொல்லச் சொல்லலை. அதைப் பத்திப் பேசாம விட்டுடு. விபத்துல அடிபட்டது எந்தக் கரடின்னு யாருக்குத் தெரியும்? உனக்கும் எனக்கும் கம்பிக்கும். கம்பி வாயைத் திறக்க மாட்டார்."

அக்கா என் கையிலிருந்து தாளை வாங்கி வைத்துக்கொண்டாள். "செத்துப் போனதை இருக்குன்னு நம்ப வெச்சேன்னு வை. நாளைக்கு நிஜமாவே ஒண்ணு கடக்குதுன்னு சொல்லுவேன். அப்ப எவன் நம்புவான்?"

அந்த வாரமே அவளுடைய நாத்தனார் வந்தாள். மாமாவின் ஒரே தங்கை, பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். மைதானத்தில் கூப்பிட்டுப் பழகிய குரல். அன்றைக்கு அந்தக் குரல் வெளியே வரவில்லை. உட்காரச் சொன்னதற்கும் உட்காரவில்லை.

"பாலம் வேணும்னு பேசப் போறீங்களாமே, அண்ணி."

"ஆமா."

"எங்கண்ணனைக் கொன்னதுக்கு வழி போட்டுக் கொடுக்கச் சொல்லி."

"பாலம் இருந்திருந்தா அது ரோட்டுக்கே இறங்கியிருக்காது."

"வேலி இருந்திருந்தாலும் இறங்கியிருக்காது."

அதுவும் உண்மை. இரண்டு பக்கமும் வேலி போட்டு அடைத்தால் மனிதர்கள் பிழைப்பார்கள். கிழக்கில் இருக்கும் பதினான்கு கரடிகள் மட்டும் உள்ளேயே மாட்டிக்கொள்ளும்.

"நானும் போய்ப் பேசப் போறேன்" என்றாள் நாத்தனார். "வேலி போதும்னு. உங்களுக்கு எதிரா இல்லை அண்ணி. எங்கண்ணனுக்காக."

"எனக்குத் தெரியும்" என்றாள் அக்கா.

நாத்தனார் வாசல் வரை போய்த் திரும்பி வந்து, அக்காவின் நெற்றியில் விழுந்திருந்த முடியை ஒதுக்கிவிட்டுப் போனாள்.

7

ஒரு பாத்திரத்தைப் பற்றி ஒப்புக்கொள்ள வேண்டும்.

சாலைத் துறைப் பொறியாளரை நான் முதலில் வில்லனாக எழுதினேன். பெரிய மீசை வைத்தேன். கனத்த குரல் கொடுத்தேன். "கரடிக்கெல்லாம் பாலமா?" என்று சிரிக்க வைத்தேன். அக்கா அந்தப் பக்கம் முழுவதற்கும் குறுக்கே கோடு போட்டுவிட்டாள்.

அவருக்கு மீசையே இல்லை. ஒல்லியானவர், மூச்சு இழுப்பு உண்டு, பேச்சுக்கு நடுவே மருந்தை உறிஞ்சிக்கொள்வார். முதல் வரைபடத்தில் பாலத்தை வரைந்தவரே அவர்தான். கருத்துக் கேட்புக் கூட்டத்தில் அவர் எழுந்து, காடுகளுக்கு நடுவே சாலை போகும் பத்து கிலோமீட்டரில் ஐந்து வருடத்தில் விலங்கு மோதி இறந்தவர்களின் பெயர்களைப் படித்தார். ஒவ்வொரு பெயருக்கும் அப்புறம் வயது. பத்துப் பெயர் படித்தார். பதினோராவது வந்ததும் தாளை மடித்தார். "பதினோராவது பேர் இங்க இருக்கறவங்களுக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அவரை என்ன செய்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. வில்லன் இல்லாத கதையில் கோபத்தை எங்கே வைப்பது?

நாத்தனார் பேசினாள். இரண்டே நிமிடம். வேலி வேண்டும் என்றாள். அழவில்லை.

பிறகு அக்கா. வரைபடத்தைக் காட்டினாள். பதினான்கு, ஏழு, ஒன்று என்று சொல்லிக்கொண்டு வந்தாள். நாற்பத்தொன்றாம் பக்கத்தையும் படித்தாள். முடிவெடுக்க வேண்டிய குழுவின் தலைவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"கடந்துட்டிருந்த அந்த ஒரு கரடி இப்ப இல்லை. இதை நீங்களே எழுதியிருக்கீங்க."

"ஆமா."

"அப்போ பாலத்தை யார் கடப்பாங்க?"

"அடுத்தது."

"அடுத்தது எப்போ வரும்?"

"தெரியாது."

"வருமா?"

நான் பின்வரிசையில் உட்கார்ந்து, 'வரும்'னு சொல்லு, ஒரே ஒரு வார்த்தை, சொல்லித் தொலை என்று மனதுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

"வழி இருந்தா வரலாம்" என்றாள் அக்கா.

என் பக்கத்தில் உட்கார்ந்து குறிப்பெடுத்தவர் 'வரலாம்' என்று எழுதுவதை நான் பார்த்தேன்.

ஏழு வாரம் கழித்து உத்தரவு வந்தது. அதில் ஒரு வாக்கியம்: "ஆய்வாளரே குறிப்பிட்டுள்ளபடி, தற்போது இப்பகுதியைக் கடக்கும் கரடி எதுவும் இல்லை, எனவே மேம்பாலம் அவசியமெனக் கருதப்படவில்லை." வேலி உண்டு. அதோடு சாலைக்கு அடியில் மழைத்தண்ணீர் போகும் இரண்டு குழாய்களை விலங்குகளுக்கான வழி என்று காட்டியிருந்தார்கள். ஒரு கரடியின் தோள் அதற்குள் நுழையாது.

பழக்கதோஷம், அந்த வாக்கியத்தை நான் பிழை இருக்கிறதா என்று படித்தேன். ஒரு பிழை கூட இல்லை.

8

சாலை இரண்டு வருடத்தில் முடிந்தது. நான்கு வருடமாக ஓடுகிறது. இந்த நான்கு வருடத்தில் அந்தப் பத்து கிலோமீட்டரில் ஒருவர் கூட விலங்கு மோதி இறக்கவில்லை.

(இந்த வரியை நான் எழுதாமல் விட்டிருந்தேன். அக்கா சேர்த்தாள். ஓரக்குறிப்புகளை விட்டால், அவளுடைய கையெழுத்தில் கதைக்குள்ளேயே இருக்கும் ஒரே வாக்கியம் இதுதான்.)

கம்பி இன்னும் வியாழக்கிழமை வருகிறார். உறைகள் குறைந்துவிட்டன. கிழக்கில் பதினான்கு ஒன்பதாகிவிட்டது. முப்பத்தொன்றின் மகன்களும் மகள்களும் அவற்றுக்குள்ளேயே இணை சேர்கின்றன. அக்கா வரையும் குடும்ப மரத்தில் முன்பு கோடுகள் விரிந்து போகும். இப்போது வளைந்து வளைந்து ஒன்றின் மேலேயே வந்து விழுகின்றன. போன வருடம் பிறந்த மூன்று குட்டிகளில் ஒன்றுதான் மிஞ்சியிருக்கிறது.

"எல்லாம் ஒரே வீட்டு ஆளுங்களா ஆயிட்டாங்க மேடம்" என்றார் கம்பி. "வெளியாள் வந்து எத்தனை நாளாச்சு."

வீட்டில் அவளை யாரும் வியாழக்கிழமை எதுவும் கேட்பதில்லை. ஒரே ஒரு முறை, அவள் செருப்பைக் கழற்றும்போது, நான் கேட்கப் போனேன். "என்ன, ச" என்று வாய் வரை வந்தது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். சாப்பாடு ஆச்சா என்று மாற்றிக் கேட்டேன்.

9

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

ஒன்று. ஒரு வியாழக்கிழமை கம்பி கொண்டுவரும் உறையில், கிழக்குக் காட்டு மரத்தில், மேற்குக் காட்டு முடி இருக்கிறது. எப்படியோ ஒன்று வேலியைத் தாண்டிவிட்டது. அக்கா பதினெட்டு வரியும் பார்த்துவிட்டு

(ஓரத்தில்: "இல்லை.")

இரண்டு. ஓய்வு பெற்ற பொறியாளர் ஒரு நாள் வீட்டுக்கு வருகிறார். கையில் சுருட்டிய காகிதம். அந்தப் பழைய பாலத்தின் வரைபடம். "இதை மறுபடி மேலிடத்துக்கு அனுப்பியிருக்கேன், ஒத்துக்கிட்டாங்க" என்கிறார்.

இதில் பாதி உண்மை. அவர் வந்தார். வரைபடம் கொண்டுவந்தார். "ஆபீசைக் காலி பண்றப்ப இதைக் கிழிக்க மனசு வரலை. உங்ககிட்ட இருக்கட்டும்" என்றார். தண்ணீர் குடித்துவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டு போனார். அவ்வளவுதான். வரைபடம் உறைபெட்டியின் மேல் இருக்கிறது.

மூன்று. மேற்கில் ஓர் இளம் ஆண் கரடியை மயக்கி, லாரியில் ஏற்றி, கிழக்கில் கொண்டுபோய் விடுவது. இது நான் கட்டியதில்லை, அக்கா நிஜமாகவே விண்ணப்பம் போட்டிருக்கிறாள். பதில் வரவில்லை. "மாப்பிள்ளையைப் பார்சல்ல அனுப்பற மாதிரி" என்று கம்பி சொன்னபோது அக்கா சிரித்தாள். ஆறு வருடத்தில் அந்தச் சொல்லைக் கேட்டு அவள் சிரித்து அப்போதுதான் பார்த்தேன். கதையை அங்கே முடிக்கலாம் என்று நினைத்தேன். முடித்தும் வைத்தேன்.

10

ஆனால் போன சனிக்கிழமை காலையில் நாத்தனார் வந்தாள். அந்தச் சாலையின் மறுகோடியில் உள்ள ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றலாகி இரண்டு வருடமாகிறது. தினமும் அந்தச் சாலையில்தான் போய் வருகிறாள். அக்காவும் அவளும் எப்போதாவது தொலைபேசியில் பேசுவார்கள், உடம்பைப் பற்றி, மழையைப் பற்றி. நேரில் வந்து வெகுநாளாகிவிட்டது.

டீ ஆறிப்போகும் வரை வேறெதையோ பேசிக்கொண்டிருந்தாள். பிறகு டம்ளரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அண்ணி, அன்னைக்கு அது போயிட்டிருந்ததா, வந்துட்டிருந்ததா?"

அக்காவுக்குப் புரியவில்லை. "எது?"

"அந்தக் கரடிதான். எங்கண்ணன் வீட்டுக்கு வந்துட்டிருந்தாரு. அது எங்க போயிட்டிருந்தது? உங்க பக்கத்துக் காட்டுக்கு இப்பத்தான் கிளம்பி வந்துச்சா, இல்லை அதுவும் எல்லாம் முடிஞ்சு அதோட இடத்துக்குத் திரும்பிட்டிருந்ததா? தினம் அந்தக் கல்லைத் தாண்டறப்போ இது ஒண்ணுதான் மண்டைக்குள்ள ஓடுது. வேற யார்கிட்ட போய்க் கேக்கறது."

அக்கா யோசிக்கும்போது கட்டைவிரல் நகத்தால் மேஜையைச் சுரண்டுவாள். சுரண்டிக்கொண்டே இருந்தாள்.

"தெரியாது" என்றாள். "யார்னு தெரியும். யாரோட பிள்ளைன்னு தெரியும். எத்தனை பிள்ளைன்னு தெரியும். எந்தப் பக்கம் பார்த்து நின்னுச்சுங்கறது முடியில இருக்காது."

"செத்துக் கிடந்த இடத்தை வெச்சு?"

"அடிபட்டது திசை பார்த்தா ஓடும்? கால் போன பக்கம் போயிருக்கும்."

"அதுவும் சரிதான்." நாத்தனார் தலையாட்டினாள். "சும்மா கேட்டேன்."

அவள் போன பிறகு அக்கா டம்ளர்களைக் கழுவினாள். ஏற்கெனவே கழுவியதையும் கழுவினாள். நான் நோட்டை எடுத்தேன். நாலாவது பகுதியில் என்னால் எழுத முடியாமல் போன வாக்கியம் இப்போது வந்துவிட்டது மாதிரி இருந்தது. இது என் கதை. இதில் முடி எதற்கு, பதினெட்டு இடம் எதற்கு? திரும்பிக்கொண்டிருந்தது என்று எழுதினால் திரும்பிக்கொண்டிருக்கும். இரண்டு பேரும் வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறார்கள், எதிரும் புதிருமாக வருகிறார்கள் என்று எழுதிவிட்டால் நாத்தனாருக்காவது மனது கொஞ்சம் ஆறும். நான் எழுத்தைப் போட ஆரம்பித்துவிட்டேன்.

ஈரக் கையோடு வந்து நின்ற அக்கா, நோட்டின் மேல் கையை வைத்தாள்.

"அதை விட்டுடு."

"ஒரு வார்த்தைதான் அக்கா. யாருக்கும் நஷ்டமில்லை."

"எனக்கும் தெரிஞ்சுக்கணும்னு இருக்காதா?" என்றாள். "ஆறு வருஷமா இருக்கு. எனக்கே தெரியாததை நீ எழுதி, நான் அதைப் படிச்சு, நம்பிட்டேன்னா?"

அவள் கை நகர்ந்தபோது தாளில் ஈரம் பட்டு நான் எழுதிய எழுத்து கலைந்திருந்தது. அந்த வாக்கியத்தை இப்போது இப்படி வைத்திருக்கிறேன்:

"செவ்வாய்க்கிழமை காலை ஆறே காலுக்கு, மாமா வீட்டுக்கு வந்துகொண்டிருந்த சாலையில், நாற்பத்திரண்டாவது கல்லருகே முப்பத்தொன்று இறங்கியது. அது (                    ) கொண்டிருந்தது."

ஒரு வார்த்தை அளவுக்கு இடம் விட்டிருக்கிறேன். நீங்கள் நிரப்பிக்கொள்ளலாம். அக்கா பார்க்கும்படி மட்டும் வேண்டாம்.